வண்டி மேல் உள்ள சலானைத் தேடுவதும் தீர்ப்பதும்

எஃப்.சி.க்குத் தேதி வாங்கி, வண்டியைக் கழுவிக் கொண்டுபோய் நிறுத்திய பிறகுதான் பலருக்குத் தெரியவருகிறது, தன் வண்டி மேல் மூன்று சலான் நிலுவையில் இருக்கிறது என்று. பெயர் மாற்றத்துக்குப் போனவர்களுக்கும் இதே கதைதான். அவசரத்தில் அங்கேயே யாரிடமாவது பணத்தைக் கொடுத்துவிட்டு வந்துவிடுகிறார்கள். அது தங்கள் வண்டியின் சலான்தானா, எந்த நாளில், எந்த இடத்தில் நடந்தது என்று ஒருவரும் பார்ப்பதில்லை.

இந்த அத்தியாயம் தமிழ்நாட்டில் பதிவான வண்டிக்காரர்களுக்கானது. ஒரே ஒரு விஷயத்தை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்: சலானைப் பார்க்காமல் பணம் கட்டாதீர்கள், பார்த்த பிறகு கிடப்பில் போடாதீர்கள். கட்டிவிட்டால் மோட்டார் வாகனச் சட்டத்தின் 200-ஆவது பிரிவுப்படி அந்த வழக்கு அதோடு முடிந்துவிடும். உங்களுக்கு அது நன்மை. ஆனால் தவறான சலானாக இருந்தால், கட்டிய பிறகு அதைத் திரும்பக் கேட்பது மிகக் கடினம்.

முதலில் ஒரு எச்சரிக்கை

சலான் வந்திருப்பதாக வாட்ஸ்அப்பில் செய்தி வந்தால், அதில் இருக்கும் இணைப்பைத் தொடாதீர்கள். ஏ.பி.கே. என்று முடியும் கோப்பு வந்தால் அதைத் திறக்கவே கூடாது. திறந்தால் அது உங்கள் போனில் செயலியாக உட்கார்ந்துகொண்டு, வங்கியிலிருந்து வரும் ஓ.டி.பி.யைப் படித்துவிடும். செய்தியில் உங்கள் வண்டி எண் சரியாக இருப்பதைப் பார்த்து நம்பி ஏமாந்தவர்கள் உண்டு. வண்டி எண் ரகசியமல்ல, தெருவில் போகிற யாரும் படிக்கலாம்.

அரசின் இ-சலான் தளத்தின் முகவரி 'பரிவாகன்.கவ்.இன்' என்று முடியும். நடுவில் உள்ள 'கவ்' என்ற சொல்லை விட்டுவிட்டு, மற்ற எழுத்துகள் அப்படியே இருக்கும் போலி முகவரிகள் சுற்றியிருக்கின்றன. அதனால் முகவரியை நீங்களே தட்டச்சு செய்து போங்கள். ஏற்கெனவே பணம் போய்விட்டது என்றால் ஒரு நிமிடம்கூடத் தாமதிக்காமல் 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணை அழையுங்கள். எவ்வளவு சீக்கிரம் அழைக்கிறீர்களோ அவ்வளவுக்குப் பணத்தை முடக்கும் வாய்ப்பு அதிகம்.

கையில் எடுத்து வைக்க வேண்டியவை

ஆர்.சி. புத்தகம் அல்லது கார்டு, ஓட்டுநர் உரிமம், ஆர்.சி.யில் பதிவான செல்போன். இந்த மூன்றும் போதும். ஆர்.சி.யில் சேஸிஸ் எண், என்ஜின் எண் இரண்டும் இருக்கும். அவற்றின் கடைசி ஐந்து எழுத்துகளைத் தனியே குறித்துக்கொள்ளுங்கள்.

பலர் சறுக்குவது செல்போன் எண்ணில்தான். வண்டி வாங்கியபோது ஷோரூம்காரர் தன் எண்ணையோ, தவணை போட்டுக் கொடுத்த முகவரின் எண்ணையோ கொடுத்திருப்பார். சலான் செய்தி இத்தனை வருடமாக அவருக்குப் போய்க்கொண்டிருக்கும். பரிவாகன் தளத்தில் வாகனச் சேவைகளுக்குள் செல்போன் எண்ணைப் புதுப்பிக்கும் வசதி இருக்கிறது. இந்த அத்தியாயத்தில் வேறு எதைச் செய்யாவிட்டாலும் இதை இன்றைக்கே செய்துவிடுங்கள்.

தேடும் முறை

1. இ-சலான் தளத்தைத் திறந்து, பணம் செலுத்தும் பகுதிக்குப் போங்கள்.

2. மூன்று வழிகள் காட்டும்: சலான் எண், வண்டி எண், உரிம எண். காகிதச் சலான் கையில் இருந்தாலும் வண்டி எண்ணைப் போட்டே தேடுங்கள். சலான் எண்ணைப் போட்டால் அந்த ஒன்று மட்டும்தான் வரும், மற்றவை மறைந்தே இருக்கும்.

3. வண்டி எண்ணை இடைவெளி விடாமல் அடியுங்கள். பிறகு சேஸிஸ் அல்லது என்ஜின் எண்ணின் கடைசி ஐந்து எழுத்துகள். படத்தில் தெரியும் சரிபார்ப்பு எழுத்துகளையும் இட்டு அனுப்புங்கள். ஓ.டி.பி. கேட்டால் கொடுங்கள். இது நீங்களே திறந்த அரசுத் தளம் என்பதால் கொடுக்கலாம். போனில் அழைத்துக் கேட்பவர் யாராக இருந்தாலும் கொடுக்கக் கூடாது.

4. பட்டியல் வந்ததும் முழுப் பக்கத்தையும் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள். ஒவ்வொரு சலானுக்கும் எதிரே அதன் நிலை இருக்கும்: நிலுவை, கட்டியாயிற்று, நீதிமன்றத்துக்கு அனுப்பப்பட்டது.

5. இதே தேடலை உங்கள் உரிம எண்ணை வைத்தும் ஒருமுறை செய்யுங்கள். அலுவலக வண்டியையோ நண்பரின் பைக்கையோ ஓட்டியபோது பிடிபட்டிருந்தால், அந்த வழக்கு உங்கள் உரிமத்தின் பெயரில் இருக்கலாம்.

6. அடுத்து, மின் நீதிமன்றத் தளத்தையும் திறந்து பாருங்கள். விர்ச்சுவல் கோர்ட் என்று சொல்லப்படும் இதுவும் 'கவ்.இன்' என்றே முடியும். அங்கே தமிழ்நாட்டுக்கான துறையைத் தேர்ந்தெடுத்து, வண்டி எண்ணையோ செல்போன் எண்ணையோ போட்டுத் தேடலாம்.

வெளிமாநிலம் போய்வந்தவர்களுக்கு ஒரு குறிப்பு. திருப்பதிக்கோ பெங்களூருக்கோ காரில் போயிருந்தால் அந்த ஊர்க் காவல்துறையின் தளத்தையும் தனியே பாருங்கள். ஆந்திரம், தெலங்கானா, பெங்களூர் போக்குவரத்துக் காவல்துறை ஆகியவை தங்களுக்கென்று தனித் தளம் வைத்திருக்கின்றன.

சலானைப் படிப்பது எப்படி

பட்டியலில் தொகையை மட்டும் பார்த்துவிட்டுக் கட்டுகிறவர்கள்தான் பெரும்பாலோர். ஒவ்வொரு சலானையும் திறந்து கீழ்க்கண்ட வரிசையில் படியுங்கள். ஒன்றுக்கு ஐந்து நிமிடம் ஆகும்.

*படம்.* சலானோடு இணைத்த படத்தைப் பெரிதாக்குங்கள். அதில் இருப்பது உங்கள் வண்டிதானா? நிறம், மாடல், பின்னால் ஒட்டிய ஸ்டிக்கர், கண்ணாடி என ஒவ்வொன்றாகப் பாருங்கள். உங்களுடையது கார், படத்தில் இருப்பது ஸ்கூட்டர் என்றால் எண்ணைத் தவறாகப் படித்திருக்கிறார்கள். ஆங்கிலத்தின் 'பி'யும் 8-உம், 'டி'யும் 0-உம், 'இசட்'டும் 2-உம் அழுக்குப் படிந்த பலகையில் ஒன்றுபோலவே தெரியும். வண்டியும் உங்களுடையதைப் போலவே இருந்து, எண்ணும் அதேயாக இருந்து, ஆனால் அது உங்கள் வண்டி இல்லை என்றால் விஷயம் வேறு. யாரோ உங்கள் எண்ணைப் போலியாகப் போட்டு ஓட்டுகிறார்கள். இதை மட்டும் ஒருநாள்கூடத் தள்ளிப்போடாதீர்கள். காவல் நிலையத்தில் புகார் கொடுத்து சி.எஸ்.ஆர். ரசீது வாங்குங்கள். நாளைக்கு அந்த வண்டி ஒரு விபத்திலோ வழிப்பறியிலோ சிக்கினால் முதலில் தட்டப்படுவது உங்கள் வீட்டுக் கதவுதான்.

*நாளும் நேரமும்.* அந்த நேரத்தில் வண்டி எங்கே இருந்தது? ஒர்க்‌ஷாப் பில், ஃபாஸ்டேக் கணக்கு, அலுவலகத்தின் வருகைப் பதிவு, பார்க்கிங் சீட்டு, இவை எல்லாமே ஆதாரம்.

*இடம்.* நீங்கள் போயே இராத ஊராக இருந்தால் குறித்துக்கொள்ளுங்கள். எந்தக் காவல் நிலையம் அல்லது எந்த வட்டாரப் போக்குவரத்து அலுவலகம் போட்ட சலான் என்பதும் இங்கேதான் இருக்கும். பிற்பாடு மனு கொடுக்க அதுதான் முகவரி.

*பிரிவு எண்.* இதை விட்டுவிடாதீர்கள். 194-டி என்றால் ஹெல்மெட், 194-பி சீட் பெல்ட், 194-சி இருசக்கர வண்டியில் மூன்று பேர், 183 வேகம், 185 குடித்துவிட்டு ஓட்டியது, 196 காப்பீடு இல்லாதது, 181 உரிமம் இல்லாதது. படத்தில் ஹெல்மெட் அணிந்திருக்கிறீர்கள், ஆனால் பிரிவு 194-டி என்றால் பின்னால் உட்கார்ந்தவரைப் பாருங்கள். அவருக்கும் ஹெல்மெட் கட்டாயம், அந்தச் சலான் சரியானதுதான்.

*தொகை.* தமிழ்நாட்டில் உயர்த்தப்பட்ட அபராதங்கள் அக்டோபர் 2022-இல் நடைமுறைக்கு வந்தன. ஹெல்மெட்டுக்கும் சீட் பெல்ட்டுக்கும் 1,000 ரூபாய், உரிமம் இல்லாமல் ஓட்டினால் 5,000, ஆம்புலன்சுக்கு வழிவிடாவிட்டால் 10,000. காப்பீடு இல்லையென்றால் முதல் முறை 2,000, மறுமுறை 4,000. ஓட்டும்போது செல்போன் பேசினால் முதல் முறை 1,000, மறுமுறை 10,000. இந்த 'மறுமுறை' என்பதைக் கவனியுங்கள். யாரோ செய்த தவறு உங்கள் பெயரில் முதல் முறையாகப் பதிவாகி, 'ஆயிரம்தானே' என்று நீங்களும் கட்டிவிட்டால், அடுத்தது உங்களுக்கு இரண்டாம் முறை. சின்னத் தொகையாக இருந்தாலும் தவறான சலானை மறுக்க வேண்டும் என்று நான் வற்புறுத்துவது இதனால்தான்.

கேமரா பிடித்த சலான் என்றால் இன்னொன்றையும் பாருங்கள். ஆகஸ்ட் 2021-இல் மத்திய மோட்டார் வாகன விதிகளில் 167-ஏ என்ற விதி சேர்க்கப்பட்டது. குற்றமும் நம்பர் பிளேட்டும் தெளிவாகத் தெரியும் படம், கருவி அளந்த அளவு, நாள், நேரம், இடம், மீறிய சட்டப் பிரிவு ஆகியவை சலானில் இருக்க வேண்டும், குற்றம் நடந்த 15 நாளுக்குள் அறிவிப்பு அனுப்ப வேண்டும் என்கிறது அந்த விதி. மங்கலாக, எண்ணே தெரியாத படம் வந்திருந்தால், மனுவில் இந்த விதியின் பெயரைச் சொல்லிக் கேளுங்கள்.

கட்டுவதா, மறுப்பதா

படத்தில் இருப்பது நீங்கள்தான், தவறும் நடந்தது என்றால் கட்டிவிடுங்கள். கர்நாடகத்தில் 2023 பிப்ரவரியில் பாதித் தொகைக்குத் தள்ளுபடி கொடுத்தார்கள், தெலங்கானாவில் 2022-இல் இருசக்கர வண்டிகளுக்கு அதைவிட அதிகமாகக் கொடுத்தார்கள். அதைக் கேள்விப்பட்டு இங்கேயும் வரும் என்று காத்திருந்து, சலான் நீதிமன்றம் வரைக்கும் போனவர்களை எனக்குத் தெரியும். காத்திருக்காதீர்கள்.

ஓட்டியது வேறொருவர் என்றால்? 133-ஆவது பிரிவின்படி, காவல்துறை கேட்டால் ஓட்டியவரின் விவரத்தைக் கொடுப்பது உரிமையாளரின் கடமை. அதனால் வண்டியைக் கொடுக்கும்போதே வாங்குகிறவரின் உரிமத்தைப் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். தெரிந்தவரிடம் எப்படிக் கேட்பது என்று கூச்சப்பட வேண்டாம். ஓட்டியது பதினெட்டு வயது நிரம்பாத பிள்ளை என்றால் அது சலானோடு முடிகிற காரியமல்ல. 199-ஏ பிரிவு பெற்றோருக்கு 25,000 ரூபாய் அபராதமும் மூன்று ஆண்டு வரை சிறையும் விதிக்க இடம் தருகிறது, வண்டியின் பதிவும் ஓராண்டு ரத்தாகும். நேராக வக்கீலைப் பாருங்கள்.

கட்டும் முறை

1. தளத்தில் அந்தச் சலானுக்கு எதிரே உள்ள பணம் செலுத்தும் பொத்தானை அழுத்தி, கார்டு, நெட் பேங்கிங், யு.பி.ஐ. எதில் வேண்டுமானாலும் கட்டுங்கள். சாலையில் பிடித்த அதிகாரியிடம் கட்டுவதானால் அவரிடம் உள்ள கருவியில் கார்டு தேய்த்தோ ஸ்கேன் செய்தோ கட்டி, அச்சிட்ட ரசீதைக் கையோடு வாங்குங்கள். சென்னைப் போக்குவரத்துக் காவல்துறை மே 2018-லேயே ரொக்கம் வாங்குவதை நிறுத்திவிட்டது. ரசீது இல்லாமல் கொடுத்த பணம் எந்தக் கணக்கிலும் ஏறாது, உங்கள் சலான் அப்படியே நிற்கும்.

2. பணம் கழிந்தும் 'நிலுவை' என்றே காட்டினால் மறுபடி கட்டாதீர்கள். இது மிகவும் சாதாரணமாக நடப்பது. தளத்திலேயே நிலுவைப் பரிவர்த்தனையைச் சரிபார்க்கும் பகுதி இருக்கிறது, அங்கே சலான் எண்ணைப் போட்டுப் பாருங்கள். பிறகும் ஏறாவிட்டால் வங்கிப் பரிவர்த்தனை எண்ணோடு தளத்தின் புகார்ப் பகுதியில் பதிவு செய்யுங்கள்.

3. சில நாள் கழித்து மறுபடி தேடி, நிலை மாறியிருக்கிறதா என்று பாருங்கள். ரசீதை அச்செடுத்து ஆர்.சி.யோடு வையுங்கள். தெர்மல் தாளில் வந்த ரசீது சில மாதத்தில் வெளுத்துப்போகும், நகல் எடுத்துக்கொள்ளுங்கள்.

கட்டிவிட்டதாலேயே உரிமம் தப்பிவிட்டது என்று நினைக்கவேண்டாம். ஹெல்மெட் போடாததற்குக்கூட மூன்று மாதம் உரிமத்தைத் தகுதியிழக்கச் செய்ய 194-டி பிரிவில் இடமுண்டு. உரிமம் சம்பந்தமாகத் தனியாக நோட்டீஸ் வந்தால் அதற்குத் தனியாகப் பதில் கொடுக்க வேண்டும்.

நீதிமன்றத்துக்குப் போன சலான்

குறித்த நாளுக்குள் கட்டாத சலான் மின் நீதிமன்றத்துக்குப் போகும். பயப்பட ஒன்றுமில்லை, அங்கேயும் வீட்டிலிருந்தே தீர்க்கலாம். வழக்கைத் திறந்தால் உத்தேச அபராதம் காட்டும், கீழே இரண்டு வழிகள் இருக்கும்: கட்டுகிறேன், மறுக்கிறேன். கட்டினால் வழக்கு முடிந்தது. மறுத்தால் வழக்கு அந்தப் பகுதியின் வழக்கமான நீதிமன்றத்துக்கு மாறும், நீங்கள் நேரில் போக வேண்டிவரும். சென்னையில் எழும்பூர், சைதாப்பேட்டை, ஜார்ஜ் டவுன் என்று எல்லைக்கு ஏற்ப இருக்கும்.

ஆதாரம் இல்லாமல் வெறும் கோபத்தில் மறுப்பைத் தட்டிவிடாதீர்கள். அதைத் திரும்பப் பெறுவது சுலபமல்ல, பல நாள் வேலையும் கெடும். ஆதாரம் இருந்தால் தைரியமாக மறுங்கள். பெண்கள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், மாற்றுத் திறனாளிகள் ஆகியோருக்கு, வருமானம் எவ்வளவாக இருந்தாலும், சட்டப் பணிகள் ஆணைக்குழு இலவசமாக வக்கீல் தரும். உதவி எண் 15100. மாவட்ட நீதிமன்ற வளாகத்திலேயே அதன் அலுவலகம் இருக்கும். மக்கள் நீதிமன்றம் எனப்படும் லோக் அதாலத்தில் உங்கள் வழக்கை எடுப்பார்களா என்றும் அங்கேயே கேளுங்கள். ஆனால் லோக் அதாலத் தீர்ப்புக்கு மேல்முறையீடு இல்லை என்பதைத் தெரிந்துகொண்டு உட்காருங்கள்.

குடித்துவிட்டு ஓட்டிய வழக்கை எந்தத் தளத்திலும் பணம் கட்டித் தீர்த்துவிட முடியாது. முதல் முறைக்கே 10,000 ரூபாய் அபராதமோ, ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டுமோ கிடைக்கலாம். நீதிமன்றத்தில் ஆஜராகித்தான் ஆகவேண்டும்.

'ஆறு மாதம் ஆனால் சலான் செத்துவிடும்' என்று டீக்கடையில் சொல்வார்கள். அதில் கொஞ்சம் உண்மை இருக்கிறது. அபராதம் மட்டுமே தண்டனையாக உள்ள குற்றத்தை நீதிமன்றம் விசாரணைக்கு எடுக்க ஆறு மாத வரம்பு உண்டு. இப்போது நடைமுறையில் உள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவில் அது 514-ஆவது பிரிவு. ஆனால் அது நீதிமன்றத்தில் வக்கீல் எடுத்து வைக்க வேண்டிய வாதம். கணினியில் உள்ள பதிவு அதற்காகத் தானாக அழிவதில்லை, வண்டியை விற்கப் போகும்போது அப்படியே நிற்கும்.

விற்ற வண்டிக்கு வந்த சலான்

என் பழைய ஸ்கூட்டரை ஒரு மெக்கானிக்கிடம் விற்றேன். படிவம் 29-லும் 30-லும் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டுக் காசை வாங்கிக்கொண்டேன், அதோடு மறந்தும்விட்டேன். இரண்டு வருடம் கழித்து நான் போகவே போகாத ஒரு தெருவில் ஹெல்மெட் இல்லாமல் போனதாக என் பெயருக்குச் சலான் வந்தது. மெக்கானிக் யாருக்கோ விற்றிருக்கிறார், அவர் இன்னொருவருக்கு. பெயர் மட்டும் மாறவே இல்லை.

சலான் என்பது இதில் சின்னப் பிரச்சினை. 2018-இல் உச்ச நீதிமன்றம், நவீன்குமார் எதிர் விஜய்குமார் வழக்கில், விபத்து நஷ்டஈட்டுக்கு ஆர்.டி.ஓ. பதிவேட்டில் யார் பெயர் இருக்கிறதோ அவரே பொறுப்பு என்று சொல்லிவிட்டது. வண்டி பல கை மாறியிருந்தாலும் அப்படித்தான். ஆகவே:

1. விற்ற வண்டி யார் பெயரில் இருக்கிறது என்று எம்பரிவாகன் செயலியில் இன்றே பாருங்கள்.
2. உங்கள் பெயரிலேயே இருந்தால், வாங்கியவரைப் பிடித்து மாற்றச் சொல்லுங்கள். விற்றவர் 14 நாளுக்குள்ளும், வேறு மாநிலம் என்றால் 45 நாளுக்குள்ளும், வாங்கியவர் 30 நாளுக்குள்ளும் தெரிவிக்க வேண்டும் என்பது 50-ஆவது பிரிவு.
3. ஆள் கிடைக்கவில்லை என்றால், விற்பனை ரசீதின் நகலோடு பதிவு செய்த ஆர்.டி.ஓ. அலுவலகத்துக்கு ஒப்புகையுடன் விரைவுத் தபால் அனுப்புங்கள். காவல் நிலையத்திலும் ஒரு மனு கொடுத்து ரசீது வாங்குங்கள்.

அடுத்த முறை விற்கும்போது படிவத்தை நீங்களே கொண்டுபோய்க் கொடுங்கள். வாங்குகிறவர் 'நான் மாத்திக்கிறேன் சார்' என்று சொன்னால் விட்டுவிடாதீர்கள்.

மறுப்பு மனு எழுதுவது

தளத்தின் புகார்ப் பகுதியில் பதிவு செய்வதோடு, சலான் போட்ட காவல் நிலையத்தின் போக்குவரத்து ஆய்வாளரிடம் எழுத்திலும் கொடுங்கள். பதில் இல்லையென்றால் சென்னையில் வேப்பேரியில் உள்ள காவல் ஆணையர் அலுவலகம், மாவட்டங்களில் எஸ்.பி. அலுவலகம். இரண்டு நகல் எடுத்துப் போய், ஒன்றில் முத்திரையும் தேதியும் வாங்கிக்கொள்ளுங்கள். சலானில் குறித்த கடைசி நாளுக்கு முன்பே கொடுத்துவிட வேண்டும். மனு கொடுத்ததாலேயே கெடு நின்றுவிடாது என்பதால், நிலையை வாரம் ஒருமுறை தளத்தில் பாருங்கள்.

ஒரு பக்கத்துக்கு மேல் வேண்டாம். மாதிரி:

அனுப்புநர்: பெயர், முகவரி, செல்போன் எண்.
பெறுநர்: காவல் ஆய்வாளர் (போக்குவரத்து), காவல் நிலையத்தின் பெயர்.
பொருள்: தவறான சலானை ரத்து செய்யக் கோருதல். சலான் எண், நாள், வண்டி எண்.

ஐயா/அம்மா,
மேற்கண்ட சலான் என் வண்டியின் மேல் பதிவாகியுள்ளது. சலானோடு உள்ள படத்தில் இருப்பது கருப்பு நிற மோட்டார் சைக்கிள். என் வண்டி வெள்ளை நிறக் கார். நம்பர் பிளேட்டில் 8 என்று இருப்பது தவறாக 'பி' எனப் படிக்கப்பட்டதாகத் தெரிகிறது. சம்பவ நாளில் என் வண்டி பழுதுபார்க்க விடப்பட்டிருந்தது. அதற்கான பில் இணைத்துள்ளேன். சலானை ரத்து செய்து, எழுத்துப்பூர்வமாகத் தெரிவிக்க வேண்டுகிறேன்.

இணைப்பு: 1. சலான் நகல், படத்துடன். 2. ஆர்.சி. நகல். 3. வண்டியின் முன், பின், பக்கவாட்டுப் படங்கள். 4. ஒர்க்‌ஷாப் பில்.

இடம், நாள், கையொப்பம்.